உப்புக்கு மட்டும் தார்ப்பாய்

என் மனைவிக்கு மாரடைப்பு வந்து பிழைத்து வீட்டுக்கு வந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். "உப்பைக் குறைக்கச் சொல்லுப்பா." ஆப்பிள் வாங்கி வந்தவர்களும் சொன்னார்கள், வெறுங்கையோடு வந்தவர்களும் சொன்னார்கள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, முகப்பழக்கம் மட்டும் உள்ள ஒரு கண்டக்டர்கூடச் சொன்னார். உப்பளத்தில் வேலை செய்கிறவளுக்கு நெஞ்சு அடைத்தது என்றால் காரணம் தேட யாரும் சிரமப்படுவதில்லை. உப்பு வேலை, உப்புக் காற்று, உப்புக் கருவாடு. அத்தோடு விசாரணை முடிந்தது.

நான் எல்லோருக்கும் தலையை ஆட்டினேன். எனக்கு அதுதான் வரும். நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் தொண்டையைத் தாண்டாது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் மட்டும் அல்ல, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "எங்க வீட்டுக்காரர் வாயில உப்பு கொட்டி வச்சிருக்குது, தொறந்தா கரைஞ்சிடும்னு பயம்" என்று அவள் அளத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு எதிர்ப்பதம் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வார்த்தை மேல் இருக்கிற கோபத்தால்தான்.

அன்றைக்கு நடந்தது இப்படி. சித்திரை மாதம். நானும் அவளும் ஒரே அளத்தில்தான் வேலை. நான் பாத்தியில் பலகை போட்டு உப்பை இழுத்துக் கரையில் ஒதுக்குவேன். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியும்போதே இறங்கிவிடுவோம். இரண்டாவது நடையிலோ மூன்றாவது நடையிலோ அவள் கூடையை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"மார் மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுங்க."

பெண்கள் கூட்டத்துக்கு மேஸ்திரியாக ஒரு அம்மா இருக்கிறார். கை வைத்தியம், பிரசவம், பஞ்சாயத்து எல்லாம் அவர்தான். வந்து பார்த்தார், முதுகில் நாலு குத்து குத்தினார்.

"வாய்வுடி. நேத்து கொழம்புல மொச்சக்கொட்ட போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"பின்ன இன்னா. இவ மொச்சக்கொட்ட தின்னுட்டு ஊருக்கே பீதிய கெளப்புறா."

ரோட்டுக் கடைக்கு ஆள் ஓடி கோலி சோடா வந்தது. எங்கள் பக்கத்தில் வாய்வுக்கு ஒரு வைத்தியம் உண்டு. சோடாவில் அம்பாரத்து உப்பை ஒரு சிட்டிகை போட்டால் புஸ்ஸென்று பொங்கும். பொங்கும்போதே குடித்துவிட வேண்டும். குடித்தாள். பெரிய ஏப்பம் வந்தது. எல்லோரும் கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார்கள். "போயிடுச்சு பாத்தியா!" என்றார் மேஸ்திரி அம்மா. நானும் நம்பினேன். அவளும் நம்பி எழுந்து இன்னொரு கூடை தூக்கினாள். மேட்டுக்குப் பாதி ஏறும்போது இடது கை மரத்து, கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் விழுந்தாள். விழுந்த உப்பில் முகம் பதிந்திருந்தது. வேர்வையில் உப்பு கரைந்து கன்னத்தில் வழிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் போட்டு, மரக்காணத்தில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"பீடி, சுருட்டு, புகையிலை, மூக்குப்பொடி? ஏதாவது உண்டா?"

அந்த நிலைமையிலும் அவள்தான் பதில் சொன்னாள். "இவரே பீடி குடிக்கமாட்டாரு சார். நான் எங்க குடிக்கப் போறேன்?"

"சர்க்கரை?"

"இல்ல சார்."

"என்ன வேலை?"

"உப்பளம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உப்பு நிறைய சாப்பிடுவீங்களோ?" அங்கேதான் ஆரம்பித்தது.

அடைத்த ரத்தக்குழாயில் சின்ன ஸ்பிரிங் போல ஒன்றை வைத்துத் திறந்து, மாத்திரைகள் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்த டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் கை அவளைப் பிழைக்க வைத்தது. கருவாட்டை நிறுத்தினோம், ஊறுகாயை நிறுத்தினோம், கஞ்சியில்கூட உப்பை அளந்து போட்டோம். "நாள் முழுக்க தலையில உப்பு, நாக்குல மட்டும் ஆவாதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள். கூடை தூக்கக் கூடாது என்றதால் வேலைக்கும் போகவில்லை. உப்பு கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தக் கொதிப்புக்கு உப்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உப்பைக் குறைத்த பிறகும் சில காலைகளில் அவளுக்கு மார் இறுகியது. எந்தக் காலைகளில் என்று பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் தெருவுக்கு மேற்கே, பனை வரிசைக்கு அப்பால், தகரம் அடித்த ஒரு யார்டு இருக்கிறது. பழைய இரும்பு, மோட்டார், கம்ப்யூட்டர், மூட்டை மூட்டையாக ஒயர் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். ஒயரைக் குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். மேலே இருக்கிற ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிந்து போனால் உள்ளே செம்பு கிடைக்கும். தீ சரியாகப் பிடிக்காவிட்டால் டயர் போடுவார்கள். அதிகாரிகள் யாரும் எழுந்திருக்காத நேரம் பார்த்து, விடியற்காலையில்தான் கொளுத்துவார்கள். அந்த நேரம் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அந்த மேல்காற்றுதான் எங்கள் பாத்தித் தண்ணீரைச் சுண்ட வைத்து உப்பாக்குகிறது. "மேகாத்து வந்துடுச்சுடா, இனிமே உப்பு பூக்கும்" என்று வருஷா வருஷம் நாங்கள் காத்திருக்கிற காற்று. அதன் முதுகில் ஏறிக்கொண்டுதான் அந்தப் புகை முதலில் எங்கள் தெருவுக்கும், பிறகு அளத்துக்கும் வந்தது. வருஷக்கணக்காக வந்தது. அவள் விழுந்த அன்றைக்கும் வந்தது. மொச்சைக்கொட்டையைப் பற்றி விசாரித்த எங்களில் ஒருவருக்கும் மேற்கே திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த நாற்றம் எங்களுக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு மார் இறுகியதும் அந்தப் புகை அடர்த்தியாக வந்த காலைகளில்தான்.

மறுபரிசோதனைக்குப் போனபோது வேறு ஒரு டாக்டரம்மா இருந்தார். வயது குறைவுதான். என் மனைவி இருமிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்ததை அவர் கவனித்தார். துடைத்த இடம் கறுப்பாக இருந்தது.

"அது என்னம்மா கறுப்பு?"

"தெனமும் வர்றதுதாங்க. ஒயர் கொளுத்துவாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரி பாதிகூட இல்லையாம். கண்ணுக்கே தெரியாத தூசிதான் அதிகமாம். அது நுரையீரலோடு நின்றுவிடாதாம். ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாயின் உள்பக்கத்தைப் புண்ணாக்குமாம். குழாய் இறுகும், கொதிப்பு ஏறும், ரத்தம் லேசில் கட்டிக்கொள்ளும். மாரடைப்பும் பக்கவாதமும் அப்படியும் வருமாம். "புகைன்னா ஆஸ்துமா மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நெஞ்சுக்குத்தான் அது பெரிய எதிரி."

"அப்போ எனக்கு வந்தது புகையாலயாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதை நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. பல காரணம் சேர்ந்து வர்றதுதான். ஆனா ஒரு தடவை அடைச்ச நெஞ்சு. இந்தப் புகையிலேயே இருந்தீங்கன்னா மறுபடி அடைக்கலாம். மறுபடி வந்தா இந்த மாதிரி எழுந்து உக்காந்து என்கிட்ட பேச முடியுமான்னு தெரியாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, அவள் மேற்குப் பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புகை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. அதைப் பழைய புடவையால் அடைத்தேன். ஷீட் கூரை போட்ட வீட்டில், கோடையில், கதவையும் இடைவெளியையும் அடைத்துக்கொண்டு நெஞ்சு நோயாளி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? உள்ளே இருந்தால் வெந்து போனாள், வெளியே வந்தால் புகை. "யோவ், என்னை வச்சு கருவாடு போடுறியா?" என்றாள் ஒரு நாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொளுத்துகிறவன் தகரத்துக்குப் பின்னால் சௌகரியமாக இருக்கிறான். அடைபட்டுக் கிடக்க வேண்டியது என் மனைவியா?

அந்த எரிச்சலில் யார்டுக்குப் போய்விட்டேன். அங்கே சூப்பர்வைசர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எப்படியோ விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை.

"ஏம்பா, மெயின் ரோட்டுல லாரி புகை விடலையா? உங்க அளத்துல டீசல் இன்ஜின் புகை விடலையா? போகிக்கு நீங்க டயர் கொளுத்தலையா? உன் வீட்டுல கொசுவத்தி இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்புறம்? வீட்டுக்காரம்மாவ உப்பு கொறச்சு சாப்பிடச் சொல்லு. இட்லி சாப்பிடறியா?"

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன. லாரி புகையும் கெடுதல்தான், இன்ஜின் புகையும் கெடுதல்தான், போகி டயரும் கெடுதல்தான். அதற்காக இதையும் சேர்த்துச் சுவாசிக்க வேண்டுமா? வீடு வந்த பிறகு பதில் வந்து யாருக்கு லாபம்? அள முதலாளியிடமும் சொன்னேன். "அப்படியா, பாவம். பாக்கலாம் பாக்கலாம்" என்றார்.

ஆடி மாதம் காற்று பலமாக வீசியது. ஒரு காலையில் பாத்திக் கரையில் ஒதுக்கிய உப்பின் மேல் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. ஊதினால் பறக்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. லோடு எடுக்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாயா இது, மிளகு தூவி வச்சிருக்கீங்க? பொங்கலுக்கா?"

லாரி காலியாகத் திரும்பிப் போனது. முதலாளி அளத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டியோடு பாத்தியில் இறங்கிவிட்டார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. "யாரைக் கேட்டுடா கொளுத்துறானுங்க? இது சாப்பிடற பொருள்!" என்று கத்தினார். அன்றைக்கே பக்கத்து அளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனார். அடுத்த நாளிலிருந்து புகை இல்லை. அதோடு அம்பாரங்கள் எல்லாவற்றுக்கும் புது நீலத் தார்ப்பாய் வந்தது. மழைக்குப் போடுகிற கீற்றுக்குப் பதிலாக, கரி படக்கூடாது என்று, நல்ல கனமான தார்ப்பாய். அதை இழுத்துக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டில் சொன்னேன்.

"எம்மாரு அடைச்சதுக்கு நிக்காத பொகை, உப்பு கறுத்ததுக்கு நின்னுடுச்சு பாரேன்" என்றாள். பிறகு, "போவுது, எப்படியோ நின்னுதே" என்றாள்.

அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது எங்கள் தலைக்கு மேல் வெறும் வானம்தான் இருந்தது. அந்தப் பாத்தியில் விழுந்த கரிதானே எங்கள் மூக்கிலும் விழுந்தது? உப்பில் விழுந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எங்களுக்குள் விழுந்ததை யாரும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தவர் அந்த டாக்டரம்மா ஒருவர்தான்.

அந்த இரண்டு மாதமும் அவள் நன்றாக இருந்தாள். கூரை இடைவெளியில் அடைத்த புடவையை எடுத்தேன். காலையில் கடல் பக்கம் நடந்துவிட்டு வருவாள். மார் இறுகவில்லை. மாத்திரை மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. மாறியது காற்று மட்டும்தான்.

புரட்டாசியில் இரண்டு மழை கொட்டியது. பாத்தியில் இருந்தது கரைந்தது. அம்பாரங்களை லோடு ஏற்றிவிட்டு அளத்தை மூடினார்கள். அதற்கு அடுத்த வாரம் நடந்துவிட்டுத் திரும்பிய அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்திருந்தாள். தெருவில் புகை எழும்பாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்தேன். இந்த முறை சோடா வாங்க யாரையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று.

நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். மறுபடி கொளுத்துகிறார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியவர். அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"இப்போ அளத்துல உப்பு எங்கப்பா இருக்குது?"

தலையை ஆட்டாமல் எழுந்து வந்தேன்.

காந்தி ஜெயந்திக்கு எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மிக்சர் பொட்டலம். இத்தனை வருஷமாக மிக்சர் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கிறவன் நான். அன்றைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்க. தண்ணியா, தெருவிளக்கா?" என்றார் மேஜையில் உட்கார்ந்து தீர்மானம் எழுதுகிறவர்.

"புகைங்க."

"பீடியா, சுருட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. நான் யார்டைப் பற்றியும் டாக்டரம்மா சொன்னதையும் தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இன்னொரு குரல், கிண்டலாகக்கூட இல்லை, அக்கறையாகவே சொன்னது: "உப்பைக் குறைக்கச் சொல்லுப்பா."

அந்த வார்த்தைதான். எனக்குள் என்னவோ அறுந்தது.

"ஆடியில உப்புல கரி விழுந்துச்சே, அப்போ உப்பைக் குறைன்னு யாராவது சொன்னீங்களா? தீய நிறுத்துன்னு சொன்னீங்க. ஒரே நாள்ல நிறுத்துனீங்க. உப்புக்கு தார்ப்பாய் போட்டீங்க. நான்தான் கட்டுனேன். என் பொண்டாட்டி நெஞ்சுல அதே கரிதான் விழுந்துச்சு. அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்றீங்க? தீய நிறுத்துங்கன்னு சொல்ல ஒரு வாய் இல்லையா இந்த ஊர்ல?"

என் குரல் சாமியானாவுக்கு வெளியே கேட்டிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது என்று பிறகு மேஸ்திரி அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அப்போது அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எழுதிக்கோப்பா. போன தையில என் கொழுந்தனுக்கு கை கால் இழுத்துக்கிச்சு. அவரும் பீடி குடிக்க மாட்டாரு. எதிர் வீட்டுக்காரன் வாய்வுன்னு படுத்தவன் எந்திரிக்கல. வாய்வு வாய்வுன்னு நான்தான் எல்லாருக்கும் சோடா குடுத்தேன். இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன். யார்டுக்கு அனுமதி யாரு குடுத்ததுன்னு மொதல்ல எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஜீப்பில் அதிகாரிகள் வந்து குழியைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் யார்டு பூட்டப்பட்டது. தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இட்லி சாப்பிட்ட சூப்பர்வைசர் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார். சந்தோஷமாகத்தான் காட்டினார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது அவள் தினமும் காலையில் நடக்கிறாள். நான் இரண்டு அடி பின்னால் போகிறேன். மார்கழிப் பனி விலகிய ஒரு நாள், அளத்துக் கரை மேட்டில் ஏறி மேற்கே பார்த்தாள். திண்டிவனம் போகிற திசையில், ரொம்ப தூரத்தில், மரங்களுக்கு மேலே கறுப்பாக ஒரு தூண் நின்றது.

"அது அவனுங்கதான?" என்றாள்.

"ஆமா. அங்க எடம் புடிச்சிட்டானுங்களாம்."

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது. வலியில்லை, வெறும் பழக்கம்.

"அந்த ஊர்ல இன்னா வேலைங்க செய்றாங்க?"

"பயிர். மணிலாக் கடலை, நெல்லு."

"அப்போ அங்க இன்னா சொல்லுவாங்க? எண்ணெயக் குறைன்னா?"

ஜனவரி இருபத்தாறாம் தேதி அவர்கள் ஊரிலும் கிராம சபை போடுவார்கள். நான் அந்த ஊர்க்காரன் இல்லை, பேச விடமாட்டார்கள். மேஸ்திரி அம்மாவின் சம்பந்தி வீடு அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி தானும் வருவேன் என்கிறாள். புகைக்குள் வர வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் பகலில்தானே, அந்த நேரம் கடல் காற்று வந்துவிடும் என்கிறாள். அந்தப் பக்கம் கடல் காற்று எத்தனை மணிக்கு எட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டரிடம் கேட்க வேண்டும்.